இதமான காற்று வீசுகிறது

எங்கள் ஊர் வானொலி நிலையத்துக்கு ஜன்னல் கிடையாது. முதலில் ஒன்று இருந்தது. வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது என்று அதைச் செங்கல் வைத்து அடைத்து, உள்பக்கம் முட்டை அட்டைகளை வரிசையாக ஒட்டி, அதன்மேல் ஓர் ஊதாத் துணியைப் போர்த்திவிட்டார்கள். அந்தத் துணிக்கு எதிரே உட்கார்ந்துதான் மூன்று வருடங்களாக நான் ஊராருக்கு வானிலை சொன்னேன்.

சமுதாய வானொலி என்று பெயர். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு துணிக்கடையின் மாடியில் இரண்டு அறை. நல்ல நாளாக இருந்தால் பேத்தமங்களா வரைக்கும் கேட்கும். கெட்ட நாளில் கீழே துணிக்கடைக்காரருக்கே கரகரவென்றுதான் கேட்கும். பகல் முழுக்கக் கன்னட நிகழ்ச்சிகள், காலை ஏழிலிருந்து எட்டு வரை தமிழ். அந்த ஒரு மணி நேரம் என்னுடையது. இருபது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டி வளர்த்த தொண்டை, வேலையை விட்ட பிறகு வீட்டில் சும்மா இருக்கமாட்டேன் என்றது. கேட்டுப் போனேன், கொடுத்தார்கள். வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

நிலைய மேலாளர் இந்த ஊரில் பிறந்து பெங்களூரில் படித்துத் திரும்பி வந்தவர். படித்ததில் அவருக்கு மனதில் தங்கிய ஒரே சொல் ‘பாசிட்டிவ்’. செய்தி பாசிட்டிவாக இருக்க வேண்டும். ஆகவே ஒரு தெருவில் பத்து நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அதை நாங்கள் சொல்லமாட்டோம். தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது எப்படி என்று ஒரு பேச்சு போடுவோம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் நட்சத்திரங்களைப் பற்றி ஒரு சிறுவர் நிகழ்ச்சி. இதையெல்லாம் அவர் கிண்டலாகச் செய்யவில்லை, நிஜமாகவே நம்பிச் செய்தார். அதுதான் எரிச்சல்.

விளையாட்டுச் செய்தி இன்னும் மோசம். சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லைன்கள் இரண்டின் பையன்கள் டென்னிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட்டுக்கு எங்கள் வர்ணனையாளர் உலகக் கோப்பைக்குப் பேசுவதுபோலத் தொண்டை கிழியப் பேசுவார். ஒருமுறை அடித்த அடியில் பந்து பழைய சுரங்கக் குழியின், ஷாஃப்ட்டின், வேலியைத் தாண்டி உள்ளே போய்விட்டது. வேறு பந்து இல்லை. ஆட்டம் அதோடு முடிந்தது. “தவிர்க்க முடியாத காரணங்களால் ஆட்டம் சமனில் முடிந்தது” என்று மறுநாள் நான் படித்தேன். ஒரு பந்துக்கு வக்கில்லாத போட்டி என்று எழுதியிருந்தால் ஊர் சிரித்தாவது இருக்கும்.

விவசாய நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் வம்சத்தில் மண்ணைத் தோண்டாதவர் யாருமில்லை. ஆனால் எல்லோரும் தோண்டியது பல ஆயிரம் அடிக்குக் கீழே. வட ஆற்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகத் தங்கச் சுரங்கத்தில் இறங்கி ஏறிய கூட்டம் நாங்கள். தக்காளிச் செடிக்கு எந்தப் பக்கம் வேர் என்று எங்களைக் கேட்டால் யோசித்துத்தான் சொல்வோம். அப்படிப்பட்ட நாங்கள் பூதிகோட்டை விவசாயிக்கு இலைச்சுருட்டு நோய்க்கு யோசனை சொன்னோம். யாரோ அச்சடித்த கையேட்டைப் பக்கம் பக்கமாகப் படிப்பதுதான் யோசனை. ஒருநாள் அந்த நிகழ்ச்சிக்கு ஆள் வராததால் நான் உட்கார்ந்தேன். பூதிகோட்டையிலிருந்து ஒருவர் பேசினார். தெலுங்கு கலந்த தமிழ்.

“அம்மா, நேத்து மழ வராதுன்னு உங்க ரேடியோல சொன்னாங்க. வந்துச்சு.”

மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் சிரித்தார்.

“அய்யோ, அதுக்குச் சொல்லல. நீங்க சொல்றத கேக்கறது பாட்டு கேக்கற மாதிரி. கேட்டுட்டு வெளிய வந்து மேகத்த பாத்துக்குவேன். அது வேற, இது வேற.”

போனை வைத்ததும் நானும் ஒலிப்பதிவுப் பெண்ணும் விழுந்து விழுந்து சிரித்தோம். பட்டிக்காட்டு மனுஷன், அறிவியலை நம்பமாட்டார் என்று நான் சொன்னேன். அந்தப் பேச்சை இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

எங்கள் அறிவியல் என்னவென்றால் இதுதான். ஏழு மணி நிகழ்ச்சிக்கு ஆறரைக்கு வந்து கதவு திறக்க யாருக்கும் மனதில்லை. அதனால் முந்தின நாள் மதியம் மூன்று மணிக்கே பதிவு செய்துவிடுவோம், காலையில் கணினி தானே ஒலிபரப்பிவிடும். மேலாளர் தன் செல்போனில் வானிலையைப் பார்ப்பார். அந்தப் போன் என்றைக்கோ பெங்களூர் என்று போட்டு வைத்தது, அவர் மாற்றவில்லை. அதிலிருப்பதை நான் அழகுத் தமிழில் எழுதிக்கொள்வேன். பிறகு மைக்கின் முன் உட்கார்ந்து, சாப்பிட்ட சோறு இன்னும் செரிக்காத மதியத்தில், குரலில் கொஞ்சம் விடியற்காலையைச் சேர்த்து, “வணக்கம். இப்போது நேரம் சரியாக ஏழு மணி. வெளியே இதமான காற்று வீசுகிறது” என்பேன். எந்த வெளி, எந்தக் காற்று? எதிரே ஊதாத் துணி.

இந்தப் பொய்யை நான் பொய் என்றே நினைக்கவில்லை. எல்லா வானொலியிலும் இப்படித்தான் செய்வார்கள் என்று மேலாளர் சொன்னார். எனக்கும் காலையில் நிம்மதியாகக் காபி குடிக்க முடிந்தது. ஊரில் யாருக்கும் இது தெரியாது. என் அண்ணனுக்கும் தெரியாது.

அண்ணன் ஊரின் இன்னொரு பகுதியான சாம்பியன் ரீப்ஸில், அப்பாவுக்குச் சுரங்கம் கொடுத்த அதே லைன் வீட்டில் இருக்கிறார். மீசை முளைத்ததும் வேலைக்குப் போனவர். சுரங்கம் மூடும் வரை பூமிக்குக் கீழே மரம் முட்டுக் கொடுக்கும் வேலை. மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, அவர் நெஞ்சிலிருக்கும் கல்தூசி மட்டும் வேலையை விடவில்லை. நாலு படி ஏறினால் இழுக்கும். அண்ணி பெங்களூரில் துணி தைக்கும் ஆலையில் வேலை செய்கிறார். இருட்டோடு இருட்டாக ரயிலைப் பிடிக்கப் போனால் ராத்திரிதான் வருவார். பகல் முழுக்க அண்ணன் தனியாள். “தினமும் அரை மணி நேரம் நடங்க, இல்லாட்டி இருக்கிற மூச்சும் குறையும். ஆனா தூசி இருக்கிற நேரத்துல வாசலைத் தாண்டாதீங்க. இன்னொரு தடவை நெஞ்சு கட்டினா என்னால ஒண்ணும் பண்ண முடியாது” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தூசி என்று டாக்டர் சொன்னது எதை என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சமான கல் மாவைக் கொட்டிக் கொட்டி வளர்ந்த சயனைடு மேடுகள், டம்ப் என்போம், ஊருக்குள்ளேயே நிற்கின்றன. மற்ற மாதங்களில் சும்மா நிற்கும். ஆடிக்காற்று கிளம்பினால் அந்த மாவு எழுந்து வீட்டுக்குள் வரும், சோற்றில் விழும், கண்ணில் விழும். மேட்டின் உச்சியில் லேசாகப் புகை மாதிரி கிளம்பியதும் லைனில் ஒரு குரல் எழும்: “டம்ப் கிளம்பிச்சு!” அவ்வளவுதான். கொடியில் காயும் துணி உள்ளே போகும், தண்ணீர் டிரம்முக்கு மூடி வரும், ஜன்னலில் நனைத்த பழம்புடவை தொங்கும். நாலு நிமிடத்தில் லைன் முழுக்க அடைபட்டுவிடும். யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை.

அண்ணன் வெள்ளைக்காரன் காலத்துப் பிள்ளை இல்லை, ஆனால் சொன்னால் சொன்னபடி நடக்கும் சுரங்கத்துப் பிள்ளை. நான் வானொலியில் சேர்ந்த முதல் மாதமே சொன்னார்: “நீ காத்து நல்லா கீதுன்னு சொன்னா செருப்ப மாட்டிக்குவேன். சொல்லலன்னா மாட்ட மாட்டேன்.”

“வெளியே பாத்துட்டுப் போங்கண்ணா” என்றேன், பேச்சுக்கு.

“எதுக்குப் பாக்கணும்? சுரங்கத்துல எறங்கற கேஜ்ல ஏறி நின்னா மேல இன்னா நடக்குதுன்னு எட்டிப் பாக்க முடியுமா? மேல கீறவன் மணி அடிப்பான். அடிச்சா கிளம்பும். அவ்ளோதான். இத்தினி வருசம் அந்த மணிய நம்பித்தானே ஏறினோம், எறங்கினோம். அவன் ஒருநாளும் பொய்யா அடிக்கல.” கொஞ்சம் இருமிவிட்டுச் சொன்னார்: “இப்ப நீ மேல கீற.”

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அண்ணா, நான் மேலே இல்லை, முந்தின நாள் மதியத்தில் இருக்கிறேன் என்று. சொல்லவில்லை. பெருமையாக இருந்தது. லைனில் பார்ப்பவரிடமெல்லாம், “என் தங்கச்சி விடியறதுக்கு முன்னயே போயி நமக்கோசரம் உக்காந்துனு கீது” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். விடியும்வரை குறட்டைவிட்டுத் தூங்கும் எனக்கு அது கேட்க நன்றாக இருந்தது. மேலாளரை இவ்வளவு நேரம் திட்டிய வாய், இந்த இடத்தில் தன்னைத்தானே திட்டிக்கொள்ள வேண்டும். திட்டுகிறேன்: கேடுகெட்ட தற்பெருமை.

அதுவரை வந்த ஆடிகளில் அண்ணன் நடந்து திரும்பிய பிறகே காற்று கிளம்பியது, அதிர்ஷ்டம். போன ஆடிக்கு முன்னால் மேலாளரிடம் ஒன்று கேட்டேன். காற்று கிளம்பும் மாதத்திலாவது நிகழ்ச்சியை நேரலையாகச் செய்வோம், நான் ஆறரைக்கே வருகிறேன், மேட்டைப் பார்த்துவிட்டு, ஜன்னலை மூடுங்கள் என்று ஊருக்கு ஒரு வார்த்தை சொல்வோம். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“மேடம், காலங்காத்தாலே சயனைடு, தூசின்னா ஜனங்க மூட் என்னாகும்? ஸ்வல்ப பாசிட்டிவா யோசிங்க. ஊருக்கு டூரிஸ்ட் வரணும்னு நாம பேசிக்கிட்டிருக்கோம்.”

எந்த டூரிஸ்ட்? மேட்டைப் பார்க்கவா? கேட்டிருக்க வேண்டும். “சரிங்க சார்” என்றேன். அடுத்த வாரம் அவருக்கு வெளியூரில் ஏதோ மாநாடு. சமுதாய வானொலி மக்களோடு எப்படி நெருக்கமாக இருப்பது என்பது பற்றி அவர் பேசப் போகிறாராம். அதனால் மூன்று நாள் நிகழ்ச்சியை ஒரே மதியத்தில் பதிவு செய்தோம். மூன்று காலை வணக்கம், மூன்று ஏழு மணி, மூன்று இதமான காற்று. மூன்றாவதில் எனக்கே சலித்துப்போய், கொஞ்சம் மாற்றிச் சொல்வோமே என்று, “நடைப்பயிற்சிக்கு ஏற்ற அருமையான காலை” என்று கூடச் சேர்த்தேன்.

அந்த மூன்றாம் நாள் காலையில் ராபர்ட்சன்பேட்டையில் என் வீட்டுக் கதவு தானாக அடித்துக்கொண்டது. எட்டிப் பார்த்தேன். மேற்கே வானம் சுண்ணாம்பு கரைத்த மாதிரி இருந்தது. ஓடிப்போய்த் துணியை எடுத்தேன், டிரம்மை மூடினேன், புடவையை நனைத்து ஜன்னலில் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்து வீட்டு வானொலியிலிருந்து என் குரல் வந்தது. கொஞ்சுகிற குரல். வெளியே இதமான காற்று வீசுகிறதாம். பக்கத்து வீட்டம்மா தன் ஜன்னலைச் சாத்திக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“இன்னாக்கா, நீ இங்க கீற, ரேடியோவுல பேசற?”

நான் சிரித்தேன். உண்மையிலேயே எனக்குச் சிரிப்பு வந்தது, மேலாளரின் முகத்தை நினைத்து. மாநாட்டில் நெருக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார் என்று நினைத்துச் சிரித்தேன். கையில் சொட்டச் சொட்டப் புடவை. அதற்குள் வானொலி அடுத்த வரியைச் சொன்னது: நடைப்பயிற்சிக்கு ஏற்ற அருமையான காலை.

அண்ணன்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. நடக்கப் போகும்போது அவர் போனைக் கொண்டுபோவதில்லை. இன்னொரு முறை அடித்தேன். வானிலையை முடித்துவிட்டு என் குரல் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவுக்கு ஓடினேன். ஆட்டோக்காரர், இந்தக் காற்றில் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்றார். கெஞ்சினேன், கத்தினேன், கையைக் கூப்பினேன். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். சாம்பியன் ரீப்ஸ் நெருங்க நெருங்க முன்னால் போகும் வண்டி தெரியவில்லை. லைன்கள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. எல்லா ஜன்னலிலும் ஈரப்புடவை. கதவைச் சாத்திக்கொண்ட ஊரில் ஒரே ஒரு ஆள் மட்டும்தான் என் பேச்சைக் கேட்டு வெளியே போயிருந்தார். தெருவில் ஒருவர் எதிரே வந்திருந்தால்கூட, வீட்டுக்குப் போங்க என்று திருப்பி அனுப்பியிருப்பார். ஒருவரும் இல்லை.

ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அதன் கைப்பிடிச் சுவரில் குனிந்து உட்கார்ந்திருந்தார். தலை, புருவம், சட்டை எல்லாம் மாவு. ஒவ்வொரு மூச்சுக்கும் உடம்பு முழுக்க மேலே எழுந்து இறங்கியது. நான் தோளைத் தொட்டதும் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் வலியை விடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது.

“நீ... அங்க... பேசினு இருந்தியே.” மூச்சு வாங்கிக்கொண்டார். “இங்க எப்பிடி வந்த?”

கையைப் பிடித்து எழுப்பினேன். ஆட்டோவில் ஏற்றும்போது மறுபடி கேட்டார், “இப்பதானே சொன்ன?” அவர் கணக்குப்படி நான் இன்னும் மைக்கின் முன் இருக்க வேண்டும். புழுதிக் காற்று அவரைச் சந்தேகப்படுத்தவில்லை. வாசலைத் தாண்டியதும் கண்ணில் மண் விழுந்திருக்கிறது. ஆனாலும் தங்கச்சி சொல்லிவிட்டாள், இதோ அடங்கிவிடும் என்று பாலம் வரை நடந்திருக்கிறார். இதை ஆஸ்பத்திரியில் எனக்கு அவரே சொன்னார். என்னைக் குறை சொல்ல அல்ல, தான் முட்டாள்தனமாக நடந்துகொள்ளவில்லை என்று டாக்டருக்கு விளக்குவதற்காக.

“ரேடியோவுல சொன்னாங்க சார்” என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றினார்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. மூக்கில் குழாய். அண்ணி லீவு போட்டுவிட்டுக் கட்டிலருகே இருந்தார். மூன்றாம் நாள் நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், முந்தின நாள் மதியம், பெங்களூர்ப் போன், ஊதாத் துணி, எல்லாம். அண்ணி திட்டவில்லை. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் ஜெபம் பண்ணினார். பிறகு, “அவர்கிட்ட நீயே சொல்லிடு. நான் சொல்ல மாட்டேன்” என்றார்.

சொன்னேன். அண்ணன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும், “எல்லா நாளுமா?” என்றார்.

“எல்லா நாளும்தாண்ணா.”

“ஒருநாள்கூட நீ அங்க இல்லியா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு அழுதிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். அந்த வசதியை அவர் எனக்குத் தரவில்லை.

மாநாடு முடிந்து மேலாளர் வந்ததும் போய்ப் பார்த்தேன். அவர் கழுத்தில் இன்னும் மாநாட்டு அட்டை தொங்கியது. நடந்ததைச் சொன்னேன். உச்சுக் கொட்டினார். “பாவம் மேடம். ஆனா பாருங்க, அவ்ளோ நம்பிக் கேக்கற நேயர் நமக்கு இருக்கார்” என்றார். அந்த வாக்கியத்தை அவர் எங்கேயாவது மேடையில் சொல்லப் போகிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. மேசையில் இருந்த நிகழ்ச்சித் தாள்களை அவர் பக்கம் தள்ளிவிட்டு, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். இப்போது வேறொரு பெண் அந்த நேரத்தைச் செய்கிறாள். நல்ல குரல். பனியோ புழுதியோ, தினமும் ஏழு மணிக்கு வெளியே இதமான காற்று வீசுகிறது.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். முன்பு அரை மணி நேரம் நடந்தவர் இப்போது லைனின் கோடி வரை போய்த் திரும்புகிறார், நடுவில் ஒருமுறை உட்கார்ந்து. நான் தினமும் ஆறே முக்காலுக்கு மொட்டைமாடிக்குப் போய் மேட்டுப் பக்கம் பார்க்கிறேன். பிறகு சாம்பியன் ரீப்ஸில் அவருக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் பெண்மணிக்குப் போன் போட்டு அங்கே எப்படி என்று கேட்கிறேன். அதற்கப்புறம்தான் அண்ணனைக் கூப்பிடுகிறேன்.

“அண்ணா, காத்து இல்ல. மேடு சும்மா கீது. போயிட்டு வாங்க.”

“சரிம்மா” என்பார், எப்போதும் போல அன்பாக. போனை வைக்கமாட்டார். செருப்பு தேயும் சத்தம் கேட்கும், பிறகு தாழ்ப்பாள் திறக்கும் சத்தம், கதவு. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. நான் காத்திருப்பேன்.

பிறகு திரும்பி வந்து போனை எடுத்து, “ஆமா, காத்து இல்ல” என்பார்.